சுழல்கதவில் செருகிய முளை

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் லூனாஸ் ஊர் அரிசிக் கிடங்கின் வாசலில் மரச் சுழல்கதவு வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக நுழைந்து, பின்வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அன்று என் முறை வந்தபோது, தமிழ்க் காவல்காரர் என் கண்ணெதிரே கதவில் இரும்பு முளையைச் செருகி நிறுத்தினார்.

“கதவு கெட்டுப்போச்சு லா. வீட்டுக்குப் போ, தம்பி.”

வீட்டில் பிள்ளைகள் பட்டினி. “ஜப்பான்காரனுக்கு வால் பிடிக்கிறவன்தானே நீ!” என்று அவர் முகத்தில் துப்பினேன். துடைத்துக்கொண்டார், முளையை எடுக்கவில்லை.

எனக்கு முன்னால் நுழைந்த ஆண்களையெல்லாம் பின்வாசலில் லாரி ஏற்றி, போனவர்கள் உயிரோடு திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனதைச் சாயங்காலம்தான் கேள்விப்பட்டேன்.

மறுவாரம் அவர் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்கும் முன், அவரே முளையை உருவினார்.

“இன்னிக்கு அரிசி மட்டும்தான். பயப்படாம போ.”

போனேன். அரிசியோடு வீடு திரும்பினேன். துப்பியவனுக்கும் கதவைத் திறந்த அந்த மனிதருக்கு இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.