பட்டி பூசிய கார்

கோபத்தில் சிலர் சாப்பிடாமல் கிடப்பார்கள், சிலர் பேசாமல் இருப்பார்கள். நான் வெல்டிங் கற்றுக்கொண்டேன்.

எங்கள் அப்பாவின் பத்மினி கார் அவர் இறந்துபோன பிறகு பசுமலை வீட்டுக் கொட்டகையில் சும்மா நின்றது. நானும் தங்கச்சியும் மட்டும்தான் வீட்டில். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறேன், அவள் தாலுகா அலுவலகத்தில் கிளார்க். காரை ஓடவைக்கலாம் என்று ஆசைப்பட்டது நான்தான். எங்கள் சர்ச்சில் காணிக்கைப் பை எடுத்துவரும் கமிட்டிக்காரர் ஒருவர் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். துருப்பிடித்த கார்களை ஒட்டுப்போட்டு பெயிண்ட் அடித்துத் தருகிறவர். வாராவாரம் "ஸ்தோத்திரம் டீச்சர்" என்று கும்பிடுகிற மனிதர். அவரிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது?

பல மாதம் கழித்து, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு கார் வந்தது. தெருவே வந்து பார்த்தது. அந்த மழைக்காலத்தில் ஒருநாள் நானும் தங்கச்சியும் திருப்பரங்குன்றம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. பக்கத்தில் இருந்தவள் "அக்கா!" என்று அலறினாள். அவள் காலடியில் கார்த்தரை திறந்துகொண்டு, வலது கால் அப்படியே ரோட்டில் இழுபட்டுக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதிப்பதற்குள் குதிகால் கிழிந்து, கணுக்கால் எலும்பு உடைந்துவிட்டது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுக்கவே இல்லை. ஓட்டைகளில் செய்தித்தாளைத் திணித்து, மேலே எண்ணெய் டின் தகரத்தை ஒட்டி, அதன்மேல் தடிமனாகப் பட்டி பூசி, கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார். சுவரில் விரிசலை மறைக்கப் பூசுவோமே, அதே மாதிரிப் பூச்சு. மழையில் ஊறிய பட்டி விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

பட்டறைக்குப் போனேன். நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"பழைய இரும்பு டீச்சர், நான் என்ன செய்ய? எல்லாம் கர்த்தர் சித்தம்."

"வெல்டிங்கே வைக்காம பட்டிய அப்பி விட்டுருக்கீங்களே!"

"வெல்டிங்கப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்? போய்ப் புள்ளைகளுக்கு அசோகர் மரம் நட்ட கதையச் சொல்லிக் குடுங்க, போங்க."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். அந்தச் சிரிப்பு பல நாள் என் காதிலேயே இருந்தது. போலீஸுக்குப் போகலாம், போதகரிடம் சொல்லலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் போதாது என்று பட்டது. எதைத் தெரியாது என்று சொன்னாரோ அதைத் தெரிந்துகொண்டு வந்து அவர் முன்னால் நிற்க வேண்டும்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கிரில் பட்டறை இருக்கிறது. என் வயதுள்ள ஒரு பெண்தான் அதை நடத்துகிறாள். திருவாதவூர்க்காரி. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இரும்பு கேட்டுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தாள். நான் டீச்சர் என்று சொல்லி, வெல்டிங் பழக்கிக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு டீச்சர் ஒங்களுக்கு?"

நடந்ததைச் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"கோவம் இருக்கட்டும். கை மட்டும் நடுங்கக் கூடாது. சனிக்கெழம வாங்க."

முதல் நாள் வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பிடுங்கினால் பட்டென்று பொறி பறந்தது. முன்கையில் சிறுசிறு கொப்புளங்கள். ஒருமுறை முகமூடியை இறக்காமல் வெல்டிங் சுடரைப் பார்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் கண்ணுக்குள் மணலையும் மிளகாய்ப்பொடியையும் சேர்த்துக் கொட்டியது போல இருந்தது. காலில் கட்டோடு படுத்திருந்த தங்கச்சிதான் ஈரத்துணியை மடித்துக் கண்ணில் வைத்தாள்.

"விட்ருக்கா. நானே அவர மன்னிச்சுட்டேன்."

"நீ மன்னிச்சுக்க. நான் மன்னிக்கலை."

உண்மையில் அந்த மாதங்களில் சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, பிறரை மன்னிக்கிறோம் என்று வருகிற இடத்தில் நான் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். அவர் காணிக்கைப் பையோடு என் வரிசைக்கு வருவார். பையில் போடும்போது அவர் கையைப் பார்ப்பேன். இந்தக் கைதானே பட்டி பூசியது என்று நினைப்பேன். அடுத்த சனிக்கிழமை வெல்டிங் பழகப் போக அது போதும்.

தடித்த இரும்பில் ஒட்டு விழ ஆரம்பித்ததும், கார்த் தகட்டை எடுத்துக்கொண்டு போனேன். வைத்த இடமெல்லாம் ஓட்டை. மெல்லிய தகடு சூடு தாங்காமல் உருகி ஒழுகியது. பட்டறைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இம்புட்டு நேரம் ஒரே எடத்துல நின்னா ஓட்ட விழாம என்ன செய்யும்? இங்கிட்டு ஒரு புள்ளி, அங்கிட்டு ஒரு புள்ளின்னு வைங்க. ஆற விடுங்க. அப்பறமா நடுவுல நெரப்புங்க."

மெல்லிய தகட்டுக்கென்று அவளிடம் கம்பிச்சுருள் போட்ட வேறொரு மெஷின் இருந்தது. அதில் புள்ளி புள்ளியாக வைத்துப் பழகினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் முகத்தை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நன்றாகவே விழுந்தது.

கடைசியில் காரையே அவள் பட்டறைக்கு இழுத்துவந்தோம். பட்டியையும் டின் தகரத்தையும் சுரண்டி எடுத்தோம். துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினோம். புதுத் தகட்டை வளைத்துப் பொருத்தினோம். வெல்டிங் முழுக்க நானே வைத்தேன். அவள் ஒரு காந்தத்தைக் கொடுத்தாள்.

"இரும்பு இருக்குற எடத்துல ஒட்டும். பட்டி இருந்தா கீழ விழுந்துரும். எந்த வண்டியையும் இத வச்சுப் பாத்துக்கங்க."

அதற்கு மறு ஞாயிறு காரை சர்ச்சுக்கு ஓட்டிப்போனேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கமிட்டிக்காரர் என் காரைச் சுற்றிவந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போதகரின் கார் நின்றது. போன மாதம்தான் இவர் பட்டறையிலிருந்து மினுங்கிக்கொண்டு வந்திருந்தது.

"யார் வேலை டீச்சர்?"

"நான்தான்."

குனிந்து அடியில் பார்த்தார். "ஒட்டா இது? மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மறுபடியும் சிரிப்பு.

நான் கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். என் காரின் தரையில் வைத்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டது. பிடுங்கி எடுத்துக்கொண்டு போதகரின் காருக்குப் போய், கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தேன். விழுந்தது. எடுத்துச் சக்கரத்துக்கு மேலே வைத்தேன். விழுந்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் போதகர்.

"ஐயா, காந்தம் இரும்புலதான் ஒட்டும். இங்க உள்ள இரும்பே இல்லை, பட்டிதான் இருக்கு. என் தங்கச்சி கால் இப்படித்தான் போச்சு."

போதகர் கார்ச் சாவியால் கதவைத் தட்டினார். மண்சட்டியைத் தட்டினது போலச் சத்தம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"டீச்சர், கோயில் வளாகத்துல வச்சு..." என்றார் கமிட்டிக்காரர், குரலை இறக்கி. "பொழப்பு டீச்சர்."

"வெல்டிங்கப் பத்தி இப்ப எனக்குக் கொஞ்சம் தெரியுதுல்ல?" என்று கேட்டேன். அவர் நெற்றியில் வேர்த்தது. அந்த வேர்வையை நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். அதற்குள் ஒருவர் வந்து, "டீச்சர், அந்தக் காந்தத்தக் கொஞ்சம் குடுங்க, நம்ம வண்டியும் அவருகிட்டதான் விட்டேன்" என்றார்.

போதகரின் காரை அவர் திரும்பவும் பிரித்து ஒழுங்காகச் செய்து கொடுத்தார் என்று கேள்வி. கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டார். இப்போது வேறு சர்ச்சுக்குப் போகிறார். ஒருநாள் அவர் மனைவி எங்கள் வீட்டு வாசல்வரை வந்து, "மகளுக்கு வரன் பாக்குற நேரத்துல இப்புடிப் பண்ணிட்டீங்களே" என்று அழுதார். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. அவருக்காக வருத்தப்பட்டேன். அவர் கணவருக்காக இல்லை.

தங்கச்சி எல்லாவற்றையும் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும், "இப்பத் திருப்தியா?" என்றாள்.

"ஆமா" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"என் கால வச்சு நீ சண்ட போட்ட. போட்டு ஜெயிச்சுட்ட. எனக்கு இன்னும் படியில எறங்குனா வலிக்குதுக்கா."

ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்தேன். அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கணுக்காலில் துணியை அழுத்தினேன். அழுத்தும்போது அவள் முகம் சுருங்கியது. அவர் மீது எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.