சூடு பார்க்கும் ரீட்டா

டீ கிளாசுக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, "எழுபத்தி மூணு டிகிரி. அய்யா, இது டீயா, உலையா?" என்றாள் ரீட்டா. டீ என்னுடையது. சின்னமனூரில் என் கிளாசில் கை வைத்த முதல் ஆள் அவள்தான்.

ராயப்பன்பட்டிப் பெண். கல்லூரியில் உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஆராய்கிறாள். அதிகச் சூடு அந்த நோய்க்கு வழிவிடும் என்பதால், கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர்களைத் தேடிக் கடை கடையாக ஏறுவாள். தோளில் சாம்பிள் வைக்கும் ஐஸ் பெட்டி. பஸ்ஸில் ஒரு சீட்டுதான் கிடைத்தால் பெட்டி உட்காரும், இவள் நிற்பாள். கண்டக்டர் முறைத்தால், "அதுக்கு டிக்கெட் போடுங்க, என்னைய லக்கேஜுனு வச்சுக்கங்க" என்பாள்.

நான் அஞ்சாவது தாண்டாதவன். தள்ளுவண்டியில் தொடங்கி மூன்று வாழைக்காய் மண்டி வைத்தவன். எனக்கே பாடம் எடுத்தாள்.

"செல்லுக்குள்ள ஆர்.என்.ஏ.னு இருக்குய்யா. அதுல சிலது புரதம் செய்யக் குறிப்பு கொண்டு போகும். மத்ததெல்லாம் வெட்டினு ரொம்ப நாளா நெனச்சாக. உங்கள மாதிரி."

"ஏ ஆத்தா, நான் வெட்டியா?"

"நீங்க ஒரு வாழைய நட்டீகளா? ஒரு தாரு வெட்டுனீகளா? ஆனா எந்த லோடு இங்கன நிக்கணும், எது கேரளாவுக்குக் கெளம்பணும்னு நீங்கதான சொல்றீக? அதுகளும் அப்படித்தான். புத்துக்கட்டிய வளருனு சிலது வெரட்டும், சிலது அடக்கும். அடக்குறது கொறஞ்சா, கட்டி எடம் விட்டு எடம் கெளம்பிரும்."

படித்தவர்களுக்கு நாலு வருஷம் பிடிப்பது எனக்கு ஒரு டீயில் விளங்கிவிட்டது.

பேசிக்கொண்டே என் கையைக் கவனித்திருக்கிறாள். பன்னை டீயில் கரைத்துத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா தொண்டையில சிக்குது?"

மூன்று மாதம். வீட்டில்கூடச் சொல்லவில்லை. மறுநாளே தேனி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்த் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கவைத்தாள். டாக்டர் பரிசோதனைக்கு ஒரு துணுக்குச் சதை எடுத்தார். என் கையெழுத்து வாங்கி, இன்னொரு துணுக்கை ரீட்டா பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

"புத்து இல்லாட்டி இது வீணா?"

"நல்ல சதையும் வேணும்யா. ஒப்பிட்டாத்தான் கெட்டது தெரியும்."

அப்படியென்றால் ஜில்லாவுக்கே அளவுகோல் நான். சொல்லிச் சிரித்தேனே தவிர, ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"புத்து இல்ல. வெறும் புண்ணு. மாத்திர போட்டா சரியாயிரும். இனி எதையாச்சும் மறைச்சீகன்னா பாருங்க!"

அதட்டல் பலமாகத்தான் இருந்தது. நான் கண்ணாடி துடைக்கக் குனிந்தேன். நான் பார்க்கவில்லை என்று நினைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பி, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.