விரதத்தோடு ஏறிய மலை

அவள் விரதம் என்று தெரிந்திருந்தால் கொழும்பில், வெள்ளவத்தையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். தெரிந்தது பாதி மலையில். பதுளைப் பக்கத்து மலை அது. மேலே கூடாரம் அடித்து ஓரிரவு தங்குவது திட்டம். ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நாலு பெண்களுக்கு ஒரே நாளில் லீவு கிடைத்ததே பெரிய காரியம். கொட்டாஞ்சேனைக்காரிகள் இருவர், நான், வெள்ளவத்தையில் என் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் அவள். அவளைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தெரியும்.

ரயிலில் நாங்கள் இடியப்பப் பார்சலைப் பிரித்தபோது தலையிடி என்று திரும்பிப் படுத்தாள். ஏறும் வழியில் ஒரு பாறையில் குந்தி நாங்கள் மீன் ரோல்ஸ் தின்றபோது, போத்தலில் இருந்த தேசிக்காய்த் தண்ணீரை இரண்டு மிடறு குடித்துவிட்டு மூடினாள்.

"என்னடி, டயட்டோ?"

"கந்தசஷ்டி. மூண்டாம் நாள்."

என் கையில் மீன் ரோல்ஸ். கந்தசஷ்டி வந்ததே எனக்கு நினைவில்லை.

"மூண்டு நாளா வெறுந் தண்ணியோ? விசரே உனக்கு? ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டிட்டு வந்திருப்பாய்."

அது உண்மை. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளையில்லை. ஒவ்வொரு ஐப்பசியும் மாமியார் விரதம் பிடிக்க வைப்பார், ஒவ்வொரு தையிலும் ஏதும் விசேஷமுண்டோ என்று கேட்பார். விரதத்தை விடாமல் போவதென்றால் போ என்றுதான் இந்தப் பயணத்துக்கும் அனுப்பியிருந்தார்.

திரும்பிப் போவோம் என்றேன். கேட்கவில்லை. எழும்பி எனக்கு முன்னால் நடந்தாள். ஆளை மறைக்கும் மானாப்புல், முதல்நாள் மழையில் வழுக்கும் பாதை. மற்ற இருவரும் மலையைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். நான் பார்த்ததெல்லாம் அவளுடைய குதிக்கால்களைத்தான். சும்மா சும்மா "ஏலுமோ?" என்று கேட்டேன். "ஏலும், ஏலும்" என்று அவளும் எரிந்து விழுந்தாள்.

உச்சியில் காற்று கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. மூன்று பேர் அதோடு மல்லுக்கட்டி முடித்துத் திரும்பினால் அவளைக் காணவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் புல்லில் சரிந்து கிடந்தாள். கை ஐஸ் மாதிரி, நெற்றியெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறியது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பாறை ஓடினேன். சிக்னல் இல்லை. இருட்டுப்படத் தொடங்கிவிட்டது, அந்தப் பாதையால் ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்கவும் முடியாது.

"விரதமெல்லோ... அவளைக் கேக்காமக் குடுக்கலாமோ?" என்று கொட்டாஞ்சேனைக்காரி ஒருத்தி இழுத்தாள். அவர்கள் வேதக்காரர், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் அவளும் ஒழுங்காக ஒறுத்தல் இருப்பவள். மற்றவள் கொண்டுவந்த சின்னக் காஸ் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சீனியை அள்ளிப் போட்ட பிளேன்டீயில் கிறீம் கிராக்கர் பிஸ்கட்டை நொறுக்கிக் கரைத்தேன். அவள் பல்லை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்... முறிச்சா இந்த முறையும் இல்லையெண்டு போயிடும்."

"முருகனோட நான் கதைக்கிறன். நீ வாயைத் திற!"

தாடையைப் பிடித்துத்தான் தீத்தினேன். முதல் கரண்டி பாதி வெளியே வழிந்தது. இரண்டாவதை விழுங்கினாள். பிறகு கண்ணீர் ஓட ஓடக் கோப்பை முடியும்வரை விழுங்கினாள். முகத்தில் இரத்தம் ஊறியதும் அப்படியே தூங்கிப் போனாள்.

எனக்குத்தான் தூக்கமில்லை. உள்ளே படுப்பதும் வெளியே வந்து நிற்பதும், மறுபடி போய் அவளுடைய மூச்சைப் பார்ப்பதுமாக இருந்தேன். எனக்குப் பெரிய சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பயந்தேன். இனி அவளுக்குப் பிள்ளை கிடைக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் என் முகம்தானே ஞாபகம் வரும்? காலையில் நாங்கள் ஆசைப்பட்டு வந்த சூரிய உதயம் வந்தது, போனது. எனக்கு இறங்கினால் போதும் என்றிருந்தது.

தேயிலைத் தோட்டத்துக்குக் கிட்ட வந்ததும் சிக்னல் வந்தது. உடனே அவளுடைய போன் அடித்தது. மாமியார்.

"ஒண்டும் சொல்லாதை. ஆருக்குத் தெரியப் போகுது? இல்லாட்டி நான் பலவந்தமாத் தீத்தினனான் எண்டு சொல்லு. நான் பேச்சு வாங்குறன்" என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்தாள். விரதம் ஒழுங்காக நடக்கிறதா என்று மாமியார் கேட்டது எனக்கும் கேட்டது.

"இல்லை மாமி. நேற்று முறிச்சிட்டன்."

அந்தப் பக்கத்திலிருந்து படபடவென்று ஏதோ வந்தது, யார் தந்தது என்பது மட்டும் விளங்கியது.

"ஒருத்தரும் தரேல்லை, மாமி. நான்தான் சாப்பிட்டனான். எனக்குப் பசிச்சது."

எட்டு வருடத்தில் அவள் மாமியாரிடம் பசி என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாமியார் பெரிய மூச்சாக விட்டு, சரி, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்.

"அடுத்த வருசமும் பசிக்கும், மாமி" என்றாள்.