கழுத்துக் கட்டிக்குத் தடைக்காலம் இல்லை

எங்கள் கடற்கரையில் எல்லாவற்றுக்கும் தடைக்காலம் வரவேண்டும். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசு நிறுத்திவைக்கிற அந்த நாட்களில்தான் வீட்டுக்கு வெள்ளை அடிப்போம், சொத்தைப் பல்லைப் பிடுங்குவோம், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்வோம். அதுவரை நோயும் காத்திருக்கும் என்று நம்புகிற ஆட்கள் நாங்கள். குளச்சல் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிற நானும் என் கழுத்துக் கட்டியை அப்படித்தான் தள்ளிவைத்தேன்.

காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் நாகர்கோவில் டாக்டர் அதைக் கண்டுபிடித்தார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். விழுங்கும்போது கழுத்தில் ஒரு உருண்டை ஏறி இறங்கியது. ஸ்கேனில் தைராய்டில் இரண்டு மூன்று கட்டிகள் தெரிந்தன. இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை.

"பெரும்பாலும் இதெல்லாம் ஒண்ணும் செய்யாது. ஆனா ஆறு மாசத்துல மறுபடி ஸ்கேன் பாக்கணும். பெரிசாச்சுன்னா ஊசி குத்திச் சோதிக்கணும். குரல் மாறினாலோ, விழுங்கக் கஷ்டமா இருந்தாலோ உடனே வாங்க" என்றார். நான் முதல் வாக்கியத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆறு மாதம் வந்து போனது. சாளையும் கணவாயும் வந்து குவிகிற நேரத்தில் ஏலத்தை விட்டுவிட்டு யார் போவது? குரலும் கம்மத் தொடங்கியது. ஏலம் கூவுகிறவனுக்குத் தொண்டை கட்டாமல் வேறு யாருக்குக் கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். ஊசி குத்தினால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்று யாரோ சொன்னது மனதில் கிடந்தது. புற்று என்று வந்தால் ஆபரேஷன். அதில் குரல் போய்விட்டால்? அந்தக் குரலில்தான் எங்கள் வீட்டு உலை கொதிக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து இறைச்சி நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்.

"இன்னைக்கு ஏலம் உண்டா?"

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அவளுக்குத் தெரியாததா?

"ஏட்டி, வெளாடுறியா?"

"முன்னயெல்லாம் ஒரு நாள் சும்மா இருந்தா தொண்டை தெளிஞ்சிரும்லா? இப்ப எத்தன ஞாயிறா கம்மியே கெடக்கு. பின்ன ஏலத்தாலன்னு எப்படிச் சொல்லுதிய?"

"தடைக்காலம் வரட்டும்…"

"தடை படகுக்குத்தான். கட்டிக்கு யாரு தடை போட்டா?"

ஏலத்தில் என்னை மடக்குகிற வியாபாரி இனிமேல்தான் பிறக்க வேண்டும். இவள் மடக்கிவிட்டாள். கோபமும் வந்தது. சரியாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கோபம் வரும். மறுநாள் ஏலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாகர்கோவிலுக்குப் போனோம்.

கட்டிகளில் ஒன்று வளர்ந்திருந்தது. ஊசி குத்தினால் பரவுமா என்று டாக்டரிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஊசியால அப்படிப் பரவாது. என்னன்னு தெரியாம பயந்துகிட்டே இருக்கீங்க பாருங்க, அதுதான் கஷ்டம்" என்றார். அன்றைக்கே ஊசி குத்தினார்கள்; கெளிற்று மீனின் முள் குத்தினால் இதைவிட வலிக்கும். மூக்கு வழியாக ஒரு சிறு குழாய் விட்டுக் குரல்நாணையும் பார்த்தார்கள்.

முடிவு வரச் சில நாட்கள் ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ வழக்கம்போல மீன்குழம்பு வைத்தாள், அண்டை வீட்டாரோடு சிரித்துப் பேசினாள், என்னைத் திட்டினாள். இவளுக்குப் பயமே கிடையாதா என்று எரிச்சலாக இருந்தது.

புற்று இல்லை. கத்திக் கத்திக் குரல்நாண் வீங்கியிருக்கிறது, கொஞ்ச காலம் ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்றார் டாக்டர். கட்டிகளை விட்டுவிடக் கூடாது, ஒரு வருடத்தில் மறுபடி ஸ்கேன், மாற்றம் தெரிந்தால் அதற்கு முன்பே வரவேண்டும். இம்முறை எல்லா வாக்கியங்களையும் கேட்டுக்கொண்டேன். படியிறங்கும்போது எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

பேருந்தில் ஏறி உட்கார்ந்தோம். வண்டி கிளம்பும் முன்பே அவள் என் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிவிட்டாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஊசி குத்திய நாளிலிருந்து அவள் இரவுகளில் கண்ணை மூடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நடத்துநர் வந்தார். "குளச்சல்" என்றேன்.

"கேக்கல்ல. உரக்கச் சொல்லும்."

துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி கூவுகிற நான், அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு மெல்லச் சொன்னேன்.