நான் காசு கட்டினேன், அவள் படித்தாள்

கணினியின் இரண்டு பக்கமும் வைத்திருந்த அந்தக் குட்டி ஒலிபெருக்கிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மாஸ்டரின் முகத்தை நான் கண்டதேயில்லை. அவற்றுக்குள்ளிருந்து வந்த குரல்தான் எங்களுக்கு அவர். ஏதோ பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த ஜெர்மன் இளைஞர்; வயதில் என்னைவிட மிகவும் சின்னவர். இணையத்தில் நடக்கும் போக்கர் போட்டிகளில் வென்று, அதே விளையாட்டைக் காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். படிப்பிப்பவர் எவராக இருந்தாலும் யாழ்ப்பாணத்தாருக்கு மாஸ்டர்தான்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஓர் உணவகத்தில் சமைத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஜெர்மனும் சமையலறை ஜெர்மன்தான். மாஸ்டரின் கணக்கு விளக்கங்களுக்கு அது போதவில்லை. என் மனைவி இங்கே வந்து தொழிற்பயிற்சி முடித்து, பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தாள். அதனால் சனிக்கிழமைகளில் நல்ல நாற்காலியில் நானும், குசினியிலிருந்து எடுத்துவந்த முக்காலியில் மொழிபெயர்க்க அவளும் இருப்போம். நான் விளையாடிய ஆட்டங்களை முன்னதாகவே அனுப்பிவிடுவேன். மாஸ்டர் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்.

அவர் அதிகம் பாராட்டமாட்டார். மனதுக்குப் பிடித்துவிட்டால் மட்டும் "ஷேன் கெஷ்பீல்ட்" என்பார். அழகாக விளையாடினீர்கள் என்று அர்த்தம். மற்ற மாணவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறாராம். எனக்குப் பரிசுப் பணத்தைவிட அந்தச் சொல்தான் வேண்டியிருந்தது. நாள் முழுக்க அடுப்படியில் ஏச்சு வாங்குகிறவனுக்கு அந்த ஆசை வருவது பெரிய அதிசயமில்லை.

ஆனால் எனக்குக் கிடைத்தது ஒரே கேள்விதான். "ஜாக்கும் ஒன்பதும் வந்தால் மட்டும் ஏன் இப்படிப் பாய்கிறீர்கள்?" போக்கரில் அந்தச் சோடி பெரும்பாலும் தூக்கி எறியவேண்டியது. எங்கள் ஊர்ச் சீட்டாட்டமான முந்நூற்றி நாலிலோ ஜாக்குதான் எல்லாவற்றுக்கும் மேல், அடுத்தது ஒன்பது. ராசாவும் ராணியும் அங்கே எடுபிடிகள். பள்ளிக்கூட வயதிலிருந்து அதை ஆடிய கை, அந்த இரண்டையும் கண்டதும் தானாகத் துள்ளியது. அவள் சிரித்துச் சிரித்து இதை மாஸ்டருக்கு விளங்கப்படுத்தினாள். நீங்களும் அதை ஆடுவீர்களா என்று அவர் கேட்டார். "எங்கடை வீட்டிலை ஆம்பிளையள்தான் ஆடுறவை. நாங்கள் தேத்தண்ணி குடுத்ததோடை சரி," என்று எனக்குச் சொல்லிவிட்டு, ஜெர்மனில் அவருக்கும் சொன்னாள். "அப்படியென்றால் மறப்பதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை," என்றார் மாஸ்டர். அதையும் ஒரு சொல் விடாமல் எனக்கு மொழிபெயர்த்தாள்.

அதற்குப் பிறகு கேள்விகள் முக்காலிப் பக்கம் போகத் தொடங்கின. அவர் கேட்பார், நான் யோசிப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுவாள். இருவரும் ஜெர்மனில் கதைத்துச் சிரிப்பார்கள். "என்னவாம்?" என்று இடையில் கேட்பது என் வேலையாகிவிட்டது. அவர்மீது பொறாமையா, அவள்மீதா என்று எனக்கே பிடிபடவில்லை. இரண்டு பேர்மீதும்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பெரிய போட்டி. நான் பதிவுசெய்துவிட்டிருந்தேன், தொடங்கிய கையோடு உணவகத்திலிருந்து அழைப்பு வந்தது. "வாறதையெல்லாம் சும்மா எறிஞ்சுகொண்டிரும், ஓடியாறன்," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். வெயில் தாழத் திரும்பியபோது நூற்றுக்கணக்கானோர் வெளியேறிவிட, மிஞ்சிய சிலர் மட்டும் ஆடும் கடைசி மேசையில் அவள் இருந்தாள். நல்ல சீட்டுகளை எறிய மனம் வரவில்லையாம்.

"வாங்கோ, நீங்கள் இருங்கோ," என்று எழும்பினாள். இருக்கத்தான் ஆசை. ஆனால் மாஸ்டர் தன் வீட்டிலிருந்து இணையத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். நான் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "எழும்பாதையும்," என்றேன். பின்னால் நின்று, அவள் தோற்கவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே பார்த்தேன். அவள் வென்றாள். திரையில் மின்னியது என் பெயர்.

அவள் சோறு வைக்கப் போன பிறகு மாஸ்டரின் அழைப்பு வந்தது.

"ஷேன் கெஷ்பீல்ட்!"

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்," என்றார். "உங்கள் ஆட்டம் எனக்குத் தெரியாதா?"

"மாஸ்டர் என்னவாம்?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

"நல்லா விளையாடினீராம்."

"அவ்வளவுதானோ? நான் உங்களுக்கு ஒண்டும் விடாமல் சொல்லுறனான்."

கதவடியில் போய் நின்றேன். "அழகா விளையாடினீராம்," என்றேன். கரண்டியைப் பிடித்தபடி முகம் மலர நின்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் போக்கர் இல்லை. மாஸ்டரைப் பற்றிப் பேச்சு வந்தால், "நல்ல பெடியன்," என்றுவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். எனக்கு அப்படிப் போக முடிவதில்லை. மாதாமாதம் காசு கட்டி நான் காத்திருந்த அந்த ஒரே சொல்லை, என் வாயாலேயே அவளுக்குக் கொடுத்தேன்.