ஏணியில் மூன்று தட்டு

படத்தில் என்னைக் கொன்றதற்காக எனக்குக் கோபம் இல்லை. இன்டர்வெலுக்கு முன்பே செத்துப்போகிறேன். வெள்ளை கவுன் போட்டுத்தான் சாகடித்திருக்கிறார்கள். என் ஆயுசில் நான் கவுன் போட்டதில்லை, அதுவும் போகட்டும். பெற்ற உம்மாவைப் பேயாக்கினான் பாருங்கள் என் தம்பி, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். தாராவியில் எங்கள் வீட்டுக்குக் கீழே வாப்பாவின் பெல்ட் தைக்கிற பட்டறை. பட்டறைக்குப் பின்னால் ஒரு தடுப்பில் அடுப்பு. மேலே நாங்கள் படுத்துக்கொள்ளும் பரண். அதை இங்கே எல்லாரும் மாளா என்போம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஏறி இறங்க, சந்துப் பக்கமாக வெல்டு வைத்த ஓர் இரும்பு ஏணி.

மாட்டுங்காவில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் எனக்கு மனசு கெட்டது. கீழே தையல் மிஷின் ஓடுகிற வரைக்கும் ஒன்றும் இருக்காது. மிஷின் நின்றால் சுவருக்குள் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதலில் மெதுவாக, அப்புறம் அதட்டி. மாளாவை விட்டு இறங்க மாட்டேன் என்று மாதக்கணக்கில் மேலேயே கிடந்தேன். சந்தில் எல்லாரும் என்னைக் கோட்டிக்காரி என்று சொன்னார்கள். தர்காவுக்குக் கூட்டிப் போ, தாயத்துக் கட்டு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். உம்மா யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு ஏணிக்கு வருவாள். முழங்கால் வலியோடு இரண்டு படிதான் ஏற முடியும். கையிலிருக்கிற கரண்டியால் ஏணியில் மூன்று தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டுக்கு ஒரே அர்த்தம்தான். "வேற யாரும் இல்லட்டி, நாந்தான்."

மூன்றாவது தட்டு எப்போதும் கொஞ்சம் தளர்ந்துதான் விழும். மற்றக் கையில் சூடான கிளாஸ் சாயாமல் இருக்க வேண்டுமே. சுவருக்குள் கேட்ட குரல்கள் எல்லாம் உம்மாவின் குரலிலும் பேசும். ஆனால் அந்தத் தளர்ந்த மூன்றாவது தட்டு மட்டும் அதுகளுக்கு வராது. அதை வைத்துத்தான் எது நெசம், எது பொய் என்று நான் பிரித்துக்கொண்டேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒருநாள் இறங்கி வந்து, உம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். மாத்திரை பிறகு வந்தது, டாக்டர் பிறகு வந்தார். முதலில் வந்தது அந்தக் கரண்டிதான்.

தம்பி அப்போது என் பக்கத்தில் அதே மாளாவில் படுத்திருந்தவன். எல்லாம் தெரிந்தவன். பின்னால் செம்பூரில் அனிமேஷன் படித்துவிட்டு வந்து, "லாத்தா, உன் கதைய ஒரு கேமா பண்ணட்டுமா?" என்று கேட்டான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரும் காது கொடுத்துக் கேட்காத விஷயத்தை இவன் கேட்கிறானே என்று உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். மூச்சு வாங்குகிற சத்தம் வேண்டுமென்றான், அதையும் மைக்கில் கொடுத்தேன்.

கேம் நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன். அதில் பேயே கிடையாது. ஆடுகிறவர்தான் மாளாவில் இருக்கிற பெண். மிஷின் நின்றால் சுவர் நெருங்கி வரும், தரைக்கு அடியில் பேச்சு கேட்கும். மூன்று தட்டுக் கேட்டால் ஏணி வாய்க்குப் போய் டீயை எடுக்கலாம். எடுத்தால் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் உள்ளபடி தெரியும். அந்த முழு கேமிலும் பயமில்லாத ஒரே சத்தம் அதுதான். எங்கள் ஏணியில், எங்கள் கரண்டியை வைத்து உம்மாவைத் தட்டச் சொல்லித்தான் பதிவு செய்தான். உம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதப் போய் எவம்ல கேப்பான்?" என்றாள். கேட்டார்கள். எங்கேயோ இருக்கிற ஒரு பெண், அந்தத் தட்டுக்காகவே தினமும் விளையாடுகிறேன் என்று எழுதியிருந்தாள். அதைத் தம்பி படித்துக் காட்டியபோது உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அந்தக் கேமைப் படமாக்கச் சினிமாக்காரர்கள் வந்தார்கள், கதை எழுதத் தம்பியையும் சேர்த்துக்கொண்டார்கள். டைரக்டர் எங்கள் வீட்டுக்கே வந்து பிரியாணி சாப்பிட்டார், மாளாவுக்கு ஏறி மண்டையை இடித்துக்கொண்டார். இதற்குள் கேமரா நுழையாது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. கதை மலைமேல் ஒரு பங்களாவுக்குப் போய்விட்டது. பேய்க்குக்கூட ஹால், பெட்ரூம், கிச்சன் இல்லாமல் முடியாதாம். அதற்கும் சிரித்துக்கொண்டேன். ஆனால் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று மட்டும் கேட்டேன்.

"என்னை என்னவும் பண்ணிக்கோ. உம்மாவையும் அந்தத் தட்டையும் தொடக் கூடாது. சரியா?"

"அரே லாத்தா, டென்ஷன் மத் லோ. உம்மாகோ குச் நஹீ ஹோகா" என்றான். கவலைப்படாதே, உம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று ஹிந்தியில்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தாலும் சரி, கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தாலும் சரி, பொய் சொல்லும்போது இவனுக்குத் தமிழ் வராது. "இவன் நெசம் பேசுனா நம்ம பாஷைல பேசுவான், புளுகுனா ஹிந்திக்குத் தாவிருவான்" என்று உம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

படம் செம்பூரில், ஒரு மாலில் போட்டுக் காட்டினார்கள். உம்மா பெருநாளுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மவன் படம் என்று சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். என் பக்கத்தில், மடியில் பாப்கார்ன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். இருட்டான பங்களா, கவுன் போட்ட பெண், மரப்படி. அப்போது கேட்டது அந்தத் தட்டு. ஒன்று, இரண்டு, தளர்ந்த மூன்று. யாரையோ வைத்து எடுத்த சத்தம் இல்லை. எங்கள் ஏணி, எங்கள் கரண்டி, உம்மாவின் கை.

"ஏட்டி, நம்ம கரண்டிட்டி!" என்று உம்மா என் கையைப் பிடித்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில்.

அடுத்த நிமிஷம் படியில் அந்த உருவம் வந்தது. அவிழ்ந்த முடி, கிழிந்த முந்தானை, கையில் கரண்டி. பெற்ற மகளையே கொன்று தின்கிற தாய். தட்டு கேட்கும்போதெல்லாம் தியேட்டரே அலறியது. உம்மாவின் கை மெதுவாக என் கையிலிருந்து விலகிப் போனது. அதற்கப்புறம் அவள் பாப்கார்னைத் தொடவே இல்லை.

வெளியே வந்ததும் தம்பியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"சண்டாளா, உம்மாவப் பேயாக்கிட்டியேல!"

"அது உம்மா இல்ல லாத்தா, கேரக்டர். கேம்ல பயம் மண்டைக்குள்ள இருக்கு. சினிமால மண்டைக்குள்ள கேமரா வைக்க முடியுமா? கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒரு ஆள் வேணும்."

"அதுக்கு உம்மாதான் கெடச்சாளா? டைரக்டர் சொன்னா ஒனக்குப் புத்தி எங்க போச்சு?"

"டைரக்டர் சொல்லல. அவங்க பக்கத்து வீட்டுக்காரின்னுதான் எழுதியிருந்தாங்க, சரியா வரல. நான்தான் சொன்னேன், தாயா இருந்தா எல்லாருக்கும் பயம் வரும்னு. சத்தத்தையும் நான்தான் கொடுத்தேன்."

இதை அவன் தமிழில்தான் சொன்னான். சுவருக்குள் கேட்ட குரல்கள்கூட எனக்கு இவ்வளவு பெரிய துரோகம் செய்ததில்லை. அதுகள் யாரென்றே தெரியாதவை. இவன் என் போர்வைக்குள் படுத்துத் தூங்கினவன்.

மறுநாள் காலையில் தட்டு கேட்கவில்லை. எனக்கு உடம்பு சரியாகி இத்தனை வருஷம் ஆகியும் உம்மா ஒருநாள்கூட அதை விட்டதில்லை. வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டதே என்று எட்டிப் பார்த்தால், இரண்டாம் படியில் டீ ஆறிப்போய் இருந்தது. இறங்கிப் போனேன். அடுப்பைப் பார்த்து நின்றபடியே உம்மா கேட்டாள்.

"அப்ப நான் தட்டும்போது ஒனக்குப் பயமா இருந்துச்சாட்டி?"

"அல்லாவே! என்ன பேச்சு உம்மா இது? அதக் கேட்டுத்தானே நான் பொழச்சேன்."

"நீ என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவ. அவன் ஒன் பக்கத்துலதானே படுத்துக் கெடந்தான். நீ பயந்தத அவன் பாத்திருப்பான். பாக்காததையா எடுத்திருப்பான்?"

நானும் எவ்வளவோ சொன்னேன். சத்தியம் செய்தேன், அழுதேன், கத்தினேன். ஒன்றும் ஏறவில்லை. பெற்ற பிள்ளை ஊர் பார்க்கச் சொல்லிவிட்டானே. கடைசியில் அவனுக்கே போன் போட்டு, "வந்து உன் வாயால சொல்லிட்டுப் போ, அது நீ கட்டுனதுன்னு" என்றேன்.

வந்தான். அந்தமட்டுக்கு வந்தான். உம்மா போட்டுக்கொடுத்த சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்த்தான், உம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. செம்பூர் ஃபிளாட்டில் பெண்டாட்டியோடு, வேலையிடத்தில் எல்லாரோடும் நாள் முழுக்க ஹிந்திதான் பேசுகிறான். அவன் வாய் திறந்தபோது அதுதான் வந்தது.

"உம்மா, வோ சப் ஜூட் ஹை. ஐசா குச் நஹீ தா."

அதெல்லாம் பொய், அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றான். அவன் சொன்னது நெசம்.

"தமிழ்ல சொல்லுல, நாசமாப் போறவனே, தமிழ்ல சொல்லு!" என்று நான் கத்தினேன். அதற்குள் உம்மா அவன் கன்னத்தைத் தடவிவிட்டாள்.

"சரிப்பா. சாப்டு, ஆறிரும்" என்றாள். சின்ன வயதில் அவன் புளுகும்போது எப்படிச் சிரிப்பாளோ, அதே சிரிப்பு.

கரண்டி அடுப்பங்கரையை விட்டு வெளியே வருவதில்லை இப்போது. காலையில் என் செல்போன் அடிக்கிறது. எடுத்தால் கீழே ஏணிக்குப் பக்கத்திலிருந்து உம்மா, யாரோ வீட்டுக்கு வந்த மாதிரித் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள்.

"நான்தான் பேசுறேன். டீ கொண்டாந்திருக்கேன். பக்கத்துல வரலாமாட்டி?"