படங்குக்குள் புகுந்த விலாங்கு

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் இருக்கிறோம். ஹட்டன் கடையில் வாங்கிய விலாங்கு மீன் ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறேன். போன மார்கழியில் ஒரு ராத்திரி, குளிரில் அது விறைத்துவிடுமோ என்று பயந்து, கொழுந்து பறிக்கும்போது என் மனைவி இடுப்பில் கட்டும் கனத்த படங்குத் துணியை எடுத்துத் தொட்டியின் மேல் போர்த்தினேன். அதன் ஒரு முனை தண்ணீரில் நனைவதை நான் கவனிக்கவில்லை. விலாங்கு அதைப் பிடித்தே மேலேறி மடிப்புக்குள் புகுந்துவிட்டது.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய மனைவி படங்கை எடுத்து வாசலில் உதறினாள். விலாங்கு விழுந்து நெளிந்தது.

"ஐயோ, பாம்பு!" என்று அலறினாள்.

பக்கத்து வீட்டு முத்தையா அண்ணன் ஓடி வந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கிவிட்டார். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் நான். அன்று லயமே கேட்கக் கத்தினேன்.

"வெட்டிராதீங்கண்ணே! அது நம்ம மீனு!"

"குளுருமேன்னு என் படங்கப் போத்தி விட்டிருக்காருண்ணே இந்த மனுசன்," என்றாள் மனைவி.

"மீனுக்குப் போர்வை போத்துன மொத ஆளு நீதாம்ப்பா," என்று அவர் கத்தியை இறக்கினார்.

ஈரத்துணிக்குள் கிடந்ததால் விலாங்கு பிழைத்தது. இப்போது தொட்டிக்கு வலையடித்த பலகை மூடி போட்டு, மேலே கல்லும் வைக்கிறேன். புதிதாக எந்த மீன் வாங்கினாலும், முதலில் முத்தையா அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறேன்.